பாக்ஸ் ஓடுது, பேரு மட்டும் கிடைக்கல: ஆஃப்லைன் பிரிவியூ சர்வருக்கு வைல்டுகார்டு டிஎன்எஸ், அறிகுறி பார்த்து சரி பண்றது

தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம்னு நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் டியூஷன் சென்டர்லயோ சங்கக் கட்டடத்துலயோ ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவு கம்ப்யூட்டர், இனி பாக்ஸ்னு சொல்றேன்) வச்சு, நெட்டே இல்லாம வைஃபைல பாடம், ஆடியோ, வீடியோ எல்லாம் போட்டுக் காட்டுறவங்களுக்காக இத எழுதுறேன். அதுலயும் குறிப்பா, பாடம் இன்னும் ரெடி ஆகல, வரைவா இருக்கு, டீச்சருங்களும் பிள்ளைங்களும் முதல்ல பார்த்து சொல்லட்டும்னு பிரிவியூ சர்வர் வைக்கிறவங்களுக்கு.

எதுக்கு வைல்டுகார்டுன்னு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வரைவையும் தனித்தனி போல்டர்ல போட்டு 192.168.4.1 ஸ்லாஷ் சங்கு, ஸ்லாஷ் பாசின்னு கொடுக்கலாமேன்னு தோணும், ஆனா பாடம் செஞ்சவங்க படத்துக்கும் ஸ்டைலுக்கும் ஸ்லாஷ்ல ஆரம்பிக்கிற முழுப் பாதை கொடுத்திருப்பாங்க, அது உள்போல்டர்ல வச்சா உடஞ்சு போயிடும், போதாததுக்கு ஒரு வரைவுல சேவ் ஆன மார்க்கு இன்னொரு வரைவுல வந்து நிக்கும், ஏன்னா பிரவுசருக்கு ரெண்டும் ஒரே சைட்டு. அதனால சங்கு.பாடம்.டெஸ்ட், பாசி.பாடம்.டெஸ்ட், கச்சான்.பாடம்.டெஸ்ட்னு ஆளுக்கொரு பேரு. புது வரைவு வர்றப்பல்லாம் டிஎன்எஸ்ல (ஒரு பேருக்கு எந்த ஐபி அட்ரஸ்னு சொல்ற இடம்) கை வைக்காம இருக்கணும்னா முன்னாடி என்ன பேரு வந்தாலும் அதே பாக்ஸைக் காட்டுன்னு சொல்லிடணும், அவ்வளவுதான் வைல்டுகார்டு. ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல நட்சத்திரக் குறி போட்டா வேலை செய்யாது, அது முழுப் பேரை மட்டும்தான் எடுத்துக்கும், அதுல நேரத்தை விடாதீங்க.

பேரு, கட்டளை எல்லாத்தையும் இங்க தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், மெஷின்ல அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும்.

பாக்ஸ்ல டிஎன்எஸ் வேலையைப் பாக்குற புரோகிராம் டிஎன்எஸ்மாஸ்க், அதோட கான்ஃபிக்ல இருக்க வேண்டிய முக்கியமான வரிகள்:

அட்ரஸ்=/பாடம்.டெஸ்ட்/192.168.4.1
லோக்கல்=/பாடம்.டெஸ்ட்/
நோ-ரிசால்வ்
லாக்-குவரிஸ்

முதல் வரி பாடம்.டெஸ்டையும் அதுக்குக் கீழ வர்ற எல்லாத்தையும் பாக்ஸுக்கு அனுப்பும். நட்சத்திரம் போட வேண்டியதில்ல. ரெண்டாவது வரி எதுக்குன்னா, போன் பல சமயம் ஐபிவி4 அட்ரஸையும் ஐபிவி6 அட்ரஸையும் சேர்த்தே கேக்கும், புது வெர்ஷன் டிஎன்எஸ்மாஸ்க் முதல் வரியை வச்சு ஐபிவி4 கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு மத்ததை வெளில அனுப்பப் பாக்கும், வெளில நெட் இல்ல, மேல ஏதாவது சர்வர் கொடுத்திருந்தா அங்க தொங்கும். லோக்கல் வரி இருந்தா "இது என் வீட்டுப் பேரு, வேற அட்ரஸ் கிடையாது"ன்னு உடனே சொல்லிடும். மூணாவது வரி மேல வெளி டிஎன்எஸ் சர்வரைத் தேடாதன்னு சொல்றது, நாலாவது வரி கேள்வி பதிலை எல்லாம் லாக்ல எழுதச் சொல்றது. மாத்தினதும் டிஎன்எஸ்மாஸ்க் ஹைபன் ஹைபன் டெஸ்ட்னு அடிச்சு எழுத்துப்பிழை இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணுங்க.

எதுக்கும் முன்னாடி: போன் பாக்ஸ்கிட்ட கேட்டுச்சா?

இந்த வேலைல நான் அழுத்தமா சொல்ற ஒரே விஷயம் இதுதான். பாக்ஸ் தப்பா பதில் சொல்றது அபூர்வம், போன் பாக்ஸ்கிட்ட கேக்கவே இல்லங்கிறதுதான் பெரும்பாலும் நடக்குறது. அத விட்டுட்டு கான்ஃபிக்கையே திரும்பத் திரும்ப மாத்திக்கிட்டு இருந்தா சரியா இருந்ததும் கெட்டுப்போகும்.

லாக்கை ஓட விட்டுட்டு போன்ல பேரை அடிக்கச் சொல்லுங்க. எல்லாம் சரியா இருந்தா ரெண்டு வரி வரும்:

குவரி[ஏ] சங்கு.பாடம்.டெஸ்ட் ஃப்ரம் 192.168.4.37
கான்ஃபிக் சங்கு.பாடம்.டெஸ்ட் இஸ் 192.168.4.1

முதல் வரி போன் கேட்டது, ரெண்டாவது பாக்ஸ் சொன்னது. ரெண்டும் வந்தும் பக்கம் வரலைன்னா டிஎன்எஸ் மேல குத்தமே இல்ல, நேரா வெப் சர்வர் பக்கம் போங்க. முதல் வரியே வரலைன்னா பாக்ஸ்ல எதையும் தொடாதீங்க, போனைக் கையில வாங்குங்க. கேள்வி வந்து கான்ஃபிக் வரி வராம ஃபார்வேர்டட்னோ ரெஃப்யூஸ்டுன்னோ வந்தா அட்ரஸ் வரியில பேரு தப்பா இருக்கு, இல்ல அந்த ஃபைலையே டிஎன்எஸ்மாஸ்க் படிக்கல.

அறிகுறி: லேப்டாப்ல வருது, போன்ல வரல. இல்லன்னா ஒரு போன்ல வருது, பக்கத்துப் போன்ல வரல

கீழக்கரையில ஒரு லாத்தா, "தம்பி, மக போன்ல தொறக்குது, எம்போன்ல மட்டும் வரமாட்டேங்குதே, ஒரே வைஃபைதானே"ன்னு கேட்டாங்க. ஒரே வைஃபை, ஒரே கம்பெனி போனும்கூட. செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ்னு ஒண்ணு இருக்கு, ஆண்ட்ராய்டு 9லேர்ந்து வர்றது, அதுல விளம்பரம் வராம இருக்க யாரோ ஒரு சர்வர் பேரைப் போட்டுக் கொடுத்திருக்காங்க. அப்படிப் பேரு போட்டு வச்சுட்டா போன் அந்த சர்வர்கிட்ட மட்டும்தான், அதுவும் 853 போர்ட்ல பூட்டு போட்டுத்தான் கேக்கும், அது கிடைக்கலைன்னா வேற யார்கிட்டயும் கேக்காம பேரே இல்லன்னு கைவிரிச்சிடும். ஆட்டோமேட்டிக்னு மாத்துனா போதும், ஆஃப் பண்ணணும்னுகூட இல்ல, ஆட்டோமேட்டிக்ல பூட்டு கிடைக்கலைன்னா சாதாரணமா பாக்ஸ்கிட்ட வந்து கேக்கும். வீட்டுக்குப் போனதும் பழைய பேரைத் திரும்பப் போட்டுக்கச் சொல்லுங்க, அடுத்தவங்க போன் அது.

அது சரியா இருந்தா அடுத்தது மொபைல் டேட்டா. வைஃபைல சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு நெட் இருக்கான்னு கூகிள் அட்ரஸ் ஒண்ணைத் தட்டிப் பாக்கும், 204ங்கிற காலிப் பதிலை எதிர்பார்க்கும். நம்ம பாக்ஸ்ல அது கிடைக்காது, உடனே இந்த வைஃபைல நெட் இல்ல, இருக்கவான்னு கேக்கும், பதில் சொல்லாம விட்டா வைஃபை குறி மேல இருந்தாலும் கேள்வி எல்லாம் சிம் வழியா வெளில போயிடும். வெளில இருக்கிற டிஎன்எஸுக்கு பாடம்.டெஸ்ட் தெரியாது, "சைட் இல்ல"ன்னு வரும். இருக்கட்டும், மறுபடி கேக்காதன்னு டிக் பண்ணச் சொல்லுங்க, பாடம் பாக்குற வரைக்கும் மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. தனுஷ்கோடிப் பக்கம் போனா போன் இலங்கை டவரைக்கூட புடிக்கும், அங்க கொண்டுபோய்க் காட்டுறவங்க டேட்டாவை மறக்காம ஆஃப் பண்ணணும், காசு விஷயம்.

மூணாவது விபிஎன் ஆப், அதுவும் கேள்வியை வெளில இழுத்துட்டுப் போயிடும், ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஐபோன்ல விபிஎன் புரொஃபைல் உள்ள கிடக்கும், போட்டவங்களுக்கே ஞாபகம் இருக்காது.

பயர்பாக்ஸ் மட்டும் தகராறு பண்ணி குரோம் ஒழுங்கா இருந்தா, பயர்பாக்ஸ் தானே ஹெச்டிடிபிஎஸ் வழியா டிஎன்எஸ் கேக்குதுன்னு அர்த்தம். செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணலாம். யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட்னு ஒரு பேரை பயர்பாக்ஸ் முதல்ல விசாரிக்கும், அந்தப் பேரே இல்லன்னு பாக்ஸ் சொன்னா அது தானா போட்டுக்கிட்ட டிஎன்எஸை விட்டுட்டு நம்ம பாக்ஸ்கிட்ட வந்துடும், லோக்கல்= போட்டு அந்தப் பேரையும் கான்ஃபிக்ல ஒரு வரியா சேத்துருங்க. ஆனா ஆளே கை வச்சு ஆன் பண்ணியிருந்தா இது செல்லாது, அவங்கதான் மாத்தணும்.

அறிகுறி: வைஃபைல சேர்ந்ததும் "சைன் இன் பண்ணுங்க"ன்னு ஒரு பக்கம் குதிக்குது

யாரோ அட்ரஸ்=/#/192.168.4.1னு போட்டிருக்காங்க. அது உலகத்துல இருக்கிற எல்லாப் பேரையும் பாக்ஸுக்குத் திருப்பிடும். கூகிளோட சோதனைப் பேரும் பாக்ஸுக்கே வந்து, 204க்குப் பதிலா நம்ம பக்கம் கிடைக்கும், போன் இத லாட்ஜ் வைஃபை மாதிரி நினைச்சு குட்டி பிரவுசர் ஒண்ணைத் தொறக்கும். அந்தக் குட்டி பிரவுசர்ல பாடம் பாதிதான் வேலை செய்யும், டவுன்லோடு ஆகாது, மூடினா எல்லாம் போச்சு. இத வசதின்னு நினைச்சு வேணும்னே வைக்கிறவங்க உண்டு, வரைவு பார்க்குற இடத்துல இது வேண்டாம்ங்கிறது என் கருத்து, பிள்ளை ஒரு பக்கம் உடஞ்சிருக்குன்னு சொன்னா பாடம் உடஞ்சதா பிரவுசர் உடச்சதான்னு நமக்கே தெரியாமப் போயிடும். நம்ம பேருக்கு மட்டும் வைல்டுகார்டு போடுங்க.

அறிகுறி: டிஎன்எஸ்மாஸ்க் ஸ்டார்ட்டே ஆகல, அட்ரஸ் ஏற்கனவே யூஸ்ல இருக்குன்னு சொல்லுது

53ஆம் போர்ட்டை வேற யாரோ புடிச்சு வச்சிருக்காங்க. உபுண்டு போட்ட பழைய லேப்டாப்பை சர்வரா வச்சிருந்தா அது சிஸ்டம்டி-ரிசால்வ்டு, 127.0.0.53ல உக்காந்திருக்கும். அதோட கான்ஃபிக்ல டிஎன்எஸ் ஸ்டப் லிசனர் நோன்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க.

ராஸ்பெர்ரி பைல கதை வேற, இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. 2023ல வந்த புக்வோர்ம் வெர்ஷன்லேர்ந்து நெட்வொர்க் மேனேஜர்தான் வைஃபையைப் பாத்துக்குது. அதுல ஹாட்ஸ்பாட் போட்டா அதுவே உள்ளுக்குள்ள தனியா ஒரு டிஎன்எஸ்மாஸ்க்கை ஓட்டும், அட்ரஸும் 192.168.4.1 இல்ல, மாத்தாம விட்டா 10.42.0.1. பழைய வீடியோவைப் பார்த்து நீங்க இன்னொரு டிஎன்எஸ்மாஸ்க் இன்ஸ்டால் பண்ணினா ரெண்டும் 53க்கு அடிச்சுக்கும். இதுல மோசமான நிலைமை எதுன்னா உங்களோடது ஸ்டார்ட் ஆகாம செத்துக் கிடக்கும், நெட்வொர்க் மேனேஜரோடது போனுக்கு ஐபி எல்லாம் கொடுத்துக்கிட்டு இருக்கும், பாக்குறவங்களுக்கு எல்லாம் ஓடுற மாதிரியே தெரியும், பேரு மட்டும் கிடைக்காது. தனியா போட்டதை டிசேபிள் பண்ணிட்டு, ஈடிசி உள்ள நெட்வொர்க் மேனேஜர் போல்டர்ல டிஎன்எஸ்மாஸ்க்-ஷேர்டு.டி-ன்னு ஒரு போல்டர் இருக்கும், அதுல நம்ம வரிகளை ஒரு ஃபைலா போட்டு, ஐபியை 10.42.0.1னு மாத்தி, ஹாட்ஸ்பாட்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. வெறும் டிஎன்எஸ்மாஸ்க்.டி-ன்னு பேரு ஒத்த போல்டரும் பக்கத்துலயே இருக்கும், ஹாட்ஸ்பாட் அதைப் படிக்காது.

அறிகுறி: சில பேரு வருது, சில பேரு மட்டும் வரவே வராது

டிஎன்எஸ்மாஸ்க்ல இது வராது. பைண்டுங்கிற இன்னொரு டிஎன்எஸ் புரோகிராமை வச்சு ஸோன் ஃபைல் (பேரு, அட்ரஸ் எல்லாம் எழுதி வைக்கிற ஃபைல்) எழுதுறவங்களுக்கு வரும், அதோட காரணம் தெரியாம ராத்திரி முழுக்க உக்காந்திருக்க நேரும். ஸோன் ஃபைல்ல நட்சத்திரம் போட்டா என்ன பேரு கேட்டாலும் பதில் வரும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனா விதி என்னன்னா, ஸோன்ல இல்லவே இல்லாத பேருக்குத்தான் நட்சத்திரம் பதில் சொல்லும். சங்குக்கு நீங்க ஒரு குறிப்பு எழுதி வைக்கணும்னு டெக்ஸ்ட் ரெக்கார்டு ஒண்ணு சேர்த்துட்டா, சங்குங்கிற பேரு இருக்குன்னு ஆயிடும், நட்சத்திரம் ஒதுங்கிக்கும், ஐபி கேட்டா காலியா பதில் வரும். இதவிட நுணுக்கம் ஒண்ணு இருக்கு, ஆடியோ.சங்குன்னு கீழ ஒரு பேரு மட்டும் சேர்த்தாலும், நடுவுல சங்கு தானா இருக்குறதா கணக்கு, அதுக்கும் நட்சத்திரம் வராது. 2006ல வந்த ஆர்எஃப்சி 4592ங்கிற இணைய விதி ஆவணம் இதைத்தான் உதாரணத்தோட விளக்குது. அதனால ஒரு பேருக்குத் தனியா எது எழுதினாலும் அதே பேருக்கு ஐபியையும் கையோட எழுதிடுங்க. அப்புறம் நட்சத்திரம் பாடம்.டெஸ்ட்ங்கிற தாய்ப் பேருக்குப் பொருந்தாது, அதுக்கும் தனி வரி வேணும்.

அறிகுறி: பேரு கிடைக்குது, ஆனா வேற பக்கம் வருது, இல்லன்னா 404

இனி டிஎன்எஸை மறந்துடுங்க. வெப் சர்வரான என்ஜின்எக்ஸோட வரவேற்புப் பக்கம் வந்தா, நீங்க கொடுத்த சர்வர் நேம் பொருந்தல, அதனால முதல்ல இருக்கிற பிளாக் எடுத்துக்கிச்சு. நட்சத்திரம்.பாடம்.டெஸ்ட்னு எழுதினா தாய்ப் பேரு சேராது, நட்சத்திரத்தை எடுத்துட்டு புள்ளியில ஆரம்பிச்சு .பாடம்.டெஸ்ட்னு எழுதினா ரெண்டும் சேரும்.

பேரை வச்சே போல்டரை எடுக்குற மாதிரி வச்சிருந்து 404 வந்தா, போல்டர் பேருல பெரிய எழுத்து இருக்கான்னு பாருங்க. சங்குக்கு முதல் எழுத்தை கேபிடல்ல வச்சு டீச்சர் போல்டர் கொடுத்திருப்பாங்க, பிரவுசர் பேரை எப்பவும் சின்ன எழுத்தா மாத்தித்தான் அனுப்பும், லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற போல்டர். போல்டரெல்லாம் சின்ன எழுத்துலதான்னு முதல்லயே எல்லாருக்கும் சொல்லி வச்சுடுறது நல்லது. தமிழ்லயே பேரு வைக்க ஆசைப்பட்டா வைக்கலாம், ஆனா உள்ளுக்குள்ள அது எக்ஸ்என் ஹைபன் ஹைபன்னு ஆரம்பிக்கிற நீளமான கோடா மாறும், போல்டர் பேரும் அந்தக் கோடாவே இருக்கணும், ஒரு துண்டுக்கு 63 எழுத்துக்கு மேல போக முடியாது, "மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினங்கள்"னு முழுத் தலைப்பையும் பேரா வைக்கப் போனா இடிக்கலாம்.

அறிகுறி: பக்கம் வருது, ஆனா வெள்ளையா ரொம்ப நேரம் நிக்குது

பாடத்துக்குள்ள கூகிள் ஃபான்டோ வெளியூர் ஸ்கிரிப்டோ கூப்பிட்டிருக்காங்க. லாக்ல வெளிப் பேரு வரிசையா வர்றதப் பார்த்தாலே தெரியும். நோ-ரிசால்வ் போட்டு மேல எந்த சர்வரும் கொடுக்காம இருந்தா பாக்ஸ் உடனே முடியாதுன்னு சொல்லிடும், பக்கம் சீக்கிரம் நகரும். மேல ஒரு சர்வர் கொடுத்து வச்சு நெட் இல்லாம இருந்தா ஒவ்வொரு பேருக்கும் பதில் வராதான்னு காத்துக் கிடக்கும். உண்மையான மருந்து ஃபான்டை பாடத்தோடயே வைக்கிறது, பிரிவியூல இத கண்டுபிடிச்சு பாடம் செஞ்சவங்களுக்குத் திருப்பி அனுப்புங்க, பாக்ஸ் வைக்கிறதோட முக்கியப் பலனே இதுதான்.

அறிகுறி: ஹெச்டிடிபிஎஸுக்குத் தானா ஓடுது, இல்ல பேரு விட்டு விட்டுக் கிடைக்குது

கடைசித் துண்டு என்னன்னு பாருங்க. .டெவ்னு வச்சிருந்தா அது கூகிளோட சொந்தத் துண்டு, பிரவுசர் அதை ஹெச்டிடிபிஎஸ் இல்லாம தொறக்கவே தொறக்காது. .லோக்கல்னு வச்சிருந்தா போன், மேக் எல்லாம் டிஎன்எஸ் சர்வர்கிட்ட கேக்காம 5353 போர்ட்ல அக்கம்பக்கத்து மெஷின்கள்கிட்ட கூவிக் கேக்கும், அங்க வைல்டுகார்டுக்கு இடமே இல்ல. .டெஸ்ட் 1999லயே சோதனைக்குன்னு ஒதுக்கி வச்சது, அத எடுத்துக்குங்க.

பிள்ளைங்க வாசிச்சு ரெக்கார்டு பண்ற பாடமா இருந்தா மைக்குக்கு ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம், அப்ப .டெஸ்ட் சிரமம், ஒவ்வொரு போன்லயும் நம்ம சான்றிதழை ஏத்தணும். அதுக்குப் பதிலா சொந்த டொமைன் ஒண்ணு வாங்கி, நெட் இருக்கிற இடத்துல லெட்ஸ் என்கிரிப்ட்ங்கிற இலவச சான்றிதழ் சேவையில டிஎன்எஸ் வழியா வைல்டுகார்டு சான்றிதழ் எடுத்து பாக்ஸ்ல போட்டுக்கலாம், 90 நாள் செல்லும். இந்தச் சான்றிதழ் ஒரு துண்டுக்கு மட்டும்தான் பொருந்தும், சங்கு.பாடம் ஓகே, ஆடியோ.சங்கு.பாடம் பொருந்தாது.

அறிகுறி: நேத்து வரைக்கும் ஓடுச்சு, கரண்டு போய் வந்ததும் ஒண்ணும் வரல

நம்ம ஊர்ல இது சாதாரணம், ஐப்பசி கார்த்திகைல சொல்லவே வேணாம். ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு, வைஃபை எழும்புறதுக்கு முன்னாடி டிஎன்எஸ்மாஸ்க் எழுந்து, அப்படி ஒரு இன்டர்ஃபேஸே இல்லன்னு படுத்துடும், கையால ரீஸ்டார்ட் பண்ணினா ஓடும். தனி டிஎன்எஸ்மாஸ்க் வச்சிருக்கிறவங்க கான்ஃபிக்ல பைண்ட்-இன்டர்ஃபேசஸ்னு இருக்கிறதை பைண்ட்-டைனமிக்னு மாத்துங்க, வைஃபை எப்ப வந்தாலும் அது சேர்ந்துக்கும்.

ரெண்டாவது கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் உள்ள கடிகார பேட்டரி கிடையாது, நெட் இருந்தா நேரம் வாங்கிக்கும், இல்லன்னா கடைசியா சேவ் பண்ணின நேரத்துலேர்ந்து ஓட ஆரம்பிக்கும். சான்றிதழைச் சரிபார்க்கிறது போனோட கடிகாரம்தான், அதனால பக்கம் தொறக்கும், ஆனா பாக்ஸ்ல மார்க்கும் லாக்கும் தப்புத் தேதியில விழும், டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலோட கையெழுத்தைச் சரிபார்க்கிறது) ஆன்ல இருந்தா பாக்ஸ் நல்ல பதிலையே கெட்டதுன்னு தள்ளிடும். ஆஃப்லைன் பாக்ஸ்ல டிஎன்எஸ்செக்கை ஆஃப் பண்ணி வைங்க, சின்னதா ஒரு ஆர்டிசி மாட்யூல் (பேட்டரியில ஓடுற கடிகாரம்) மாட்டுங்க. பை 5ல கடிகாரம் உள்ளயே இருக்கு, பேட்டரி மட்டும் தனியா வாங்கி மாட்டணும். உப்புக்காத்துல பின் எல்லாம் பச்சை புடிக்கும், மாட்யூலைக் கழட்டி மாட்டிப் பார்த்துட்டு அப்புறம் அது கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க.

அறிகுறி: கூட்டம் வந்தா மட்டும் புதுப் போன் சேர மாட்டேங்குது

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில, வீட்ல எல்லாரும் இருப்பாங்க, பிள்ளைகளோட அப்பாமாரும் போனைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. டிஹெச்சிபில (போனுக்கு ஐபி அட்ரஸ் கொடுக்குற வேலை) 20 அட்ரஸ் மட்டும் ஒதுக்கி வாடகை நேரத்தை 24 மணி நேரம்னு வச்சிருந்தா, காலையில வந்துட்டுப் போனவங்க அட்ரஸ் மறுநாள் காலை வரைக்கும் காலியாகாது. ரேஞ்சை 192.168.4.20லேர்ந்து 192.168.4.250 வரைக்கும் விரிச்சு, நேரத்தை ஒரு மணி நேரமா குறைங்க. அட்ரஸ் இருந்தும் சேரலைன்னா பையோட உள் வைஃபைக்கு அவ்வளவு கூட்டம் தாங்கல, சாதாரண ரூட்டர் ஒண்ணை ஆக்சஸ் பாயின்ட்டா வைங்க, அதுல டிஹெச்சிபியை ஆஃப் பண்ணி, கேபிளை வான் ஓட்டையில குத்தாம லான் ஓட்டையில குத்தி, கிளையன்ட் ஐசொலேஷன் (வைஃபைல இருக்கிற மெஷின்களை ஒண்ணோட ஒண்ணு பேச விடாம தடுக்கிறது) ஆஃப்ல இருக்கான்னு பார்த்துட்டு, ஏதாவது ஒரு புது வரைவுப் பேரை அடிச்சு லாக்ல அந்த ரெண்டு வரி வருதான்னு பாருங்க.